கேக்கில் கட்டிய ஃபேக்டரி

என் மகளுக்கு ஐந்து வயது முடிகிற சமயம், பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கோழி கேக் வேண்டும் என்றாள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு கறுப்புக் கோழி இருந்தது. கூடப் பிறந்தவர்கள் இல்லாத என் மகளுக்கு அண்ணன், தங்கை எல்லாம் அதுதான். அந்தக் கோழி மாதிரியே ஒரு கேக் செய்து, அதைத் தானே வெட்ட வேண்டுமாம். அந்தக் கோழியைக் குழம்பு வைக்கலாமா என்று யாராவது பேச்சுக்குக் கேட்டால்கூட ஊரைக் கூட்டுகிறவள் அவள். கேக் என்றால் மட்டும் வெட்டலாமாம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளை, தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கேக் கொடுப்பார்கள். துரை மகள் வெட்டுவாள், எங்கள் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குவார்கள். என் மகள் வாங்கிய துண்டைத் தின்னக்கூட இல்லை. வழி நெடுக அந்தக் கத்தியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். "நானே வெட்டுவேன். நீ என் கையப் புடிக்கக்கூடாது, சரியா?" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் செய்து கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்து டீமேக்கர். மலையில் பறித்த கொழுந்து ஃபேக்டரிக்குள் வந்து தூளாகிப் பெட்டியில் ஏறும்வரைக்கும் அவர் பொறுப்பு. ஃபேக்டரியில் அவர் குரல் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். துரை உள்ளே வந்தால் மட்டும் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது. அப்படித் துரை வந்து நின்ற ஒரு நாள், வாய் சும்மா இருக்காமல், மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது, ஐயா வந்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். என்ன விசேஷம் என்று துரை காதில் வாங்கினாரோ இல்லையோ, வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அதோடு என் வீட்டில் நிம்மதி போயிற்று.

அப்போது நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷம் ஆகியிருந்தது. கொழும்பில் கொடி மாறியது. வட்டவளைக்கு மேலே எங்கள் மலையில் எதுவும் மாறவில்லை. நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் பேசி முடித்தபாடில்லை. எந்தத் துரையின் ஆட்கள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

"தொரை வர்ற வீட்டுல கோழியா? என்ன நெனைப்பாங்க? ஃபேக்டரி மாதிரி செய். நம்ம ஃபேக்டரி" என்றார் இவர்.

"பொறந்தநாள் புள்ளைக்கா, ஃபேக்டரிக்கா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காது" என்றார். எனக்கு நன்றாகவே விளங்கியது. மகளைச் சமாதானப்படுத்தத்தான் பெரும்பாடு. கடைசியில், எந்த உருவமாக இருந்தாலும் கத்தி தன் கையில்தான் இருக்க வேண்டும் என்ற பேச்சில் அவள் இறங்கி வந்தாள்.

ஹட்டன் டவுனில் முஸ்லிம் நானா ஒருவர் கடையில் ரவை, மாஜரின், ஐசிங் சீனி, பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை எல்லாம் வாங்கி வந்தோம். முட்டை கறுப்புக் கோழியின் உபயம். அதற்கு வந்திருக்க வேண்டிய பெருமை ஃபேக்டரிக்குப் போகிறதே என்று நான் அதனிடம் சொல்லி வருத்தப்பட்டேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் செய்த அடுப்பில், மேலேயும் கீழேயும் தணல் போட்டு கேக்கை வைத்தேன். உடனே இவர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். வேலை இடத்து மூக்கு வீட்டிலும் சும்மா இருக்குமா? மோந்து பார்த்து, "சூடு கூடிப்போச்சு, தணலக் கொற" என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து, "பத்தல, கூட்டு" என்றார். கேக் தூளாகப் போவதில்லை, நீங்கள் போய்ப் படுங்கள் என்று சொல்லித் துரத்த வேண்டியிருந்தது.

வெந்த கேக்குகளை ஆறவைத்து, ஓரங்களை வெட்டி, மாடி மாடியாக அடுக்கினேன். வேஃபர் பிஸ்கட்டை வரிசையாக ஒட்டியதும் தகரக் கூரை வந்துவிட்டது. ஐசிங்கில் ஜன்னல் வைத்தேன். மெழுகுவர்த்தி ஒன்றைப் புகைபோக்கி ஆக்கினேன். இவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, புகைபோக்கி இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்றார். மாற்றி நட்டேன். பொய் சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது. வெட்டிய ஓரங்களை ஒரு சட்டியில் போட்டு மூடி வைத்தேன்.

பிறந்தநாள் அன்றைக்கு வாசல் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கோழியின்மேல் கூடையைக் கவிழ்த்தாயிற்று. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் குடும்பமும் நாலைந்து பிள்ளைகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிடாமலே, மலையில் ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணியும் வந்துவிட்டார், தலைப்பாகையும் கோட்டும் கையில் மாலையுமாக. துரை எங்கே காலை வைத்தாலும் அவர் மாலையோடு நிற்பார். மேசையில் பலகைமேல் இருந்த கேக்கைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"என்னங்கம்மா இது, தொரைக்கு முன்னால பலகையிலயா வைக்கிறது?" என்று சொல்லி, எங்கள் சாமி அறையிலிருந்த பித்தளைத் தாம்பாளத்தை அவரே எடுத்து வந்தார். கேக்கை அதில் ஏற்றி, பக்கத்தில் வாழைப்பழம், எலுமிச்சம்பழம், கொஞ்சம் பூ வைத்தார். பார்க்க இன்னும் அழகாக இருக்கிறது என்று பெரிய கிளாக்கர் மனைவி சொன்னாள். என் மகள் புதுச் சட்டை போட்டு, ரிப்பன் கட்டிய கத்தியைப் பிடித்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

துரை வந்தார். அவர் கழுத்தில் மாலை விழுந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரிய கங்காணி பங்களாவுக்குத் தாம்பாளம் கொண்டுபோவது வழக்கம். மாலை போட்டதும் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி நீட்ட வேண்டும், துரை அதைத் தொட வேண்டும், துரையின் ஆள் வாங்கிக்கொள்ள வேண்டும். பல வருஷத்துப் பழக்கம். மாலை போட்ட கை, அந்தப் பழக்கத்தில், தானாகவே தாம்பாளத்தைத் தூக்கி நீட்டிவிட்டது.

துரை கேக்கைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. தன் ஃபேக்டரியை அப்படியே செய்து வைத்தால், தனக்கில்லாமல் வேறு யாருக்கு என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? ஐந்து வயதுப் பிள்ளைக்கு யாராவது தேயிலை ஃபேக்டரி செய்து கொடுப்பார்களா? தொட்டார். "ரொம்ப நல்லா" என்று தமிழில் சொன்னார். டிரைவர் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.

அறையில் எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். துரையிடம் தினமும் இங்கிலீஷ் பேசுகிறவர், பிள்ளைக்கு அப்பாவும் அவர்தான். இது பிள்ளையின் கேக் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துரை சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார். இவர் வாயைத் திறந்தார்.

"தேங்க் யூ, சார்" என்றார்.

என் மகள் கத்தியோடு துரைக்கு முன்னால் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, "தொரைக்கும் இன்னைக்குத்தான் பொறந்தநாளா?" என்று கேட்டாள். துரைக்குத் தமிழ் தெரியும். எடு, வை, போ, ஓடு எல்லாம் தெரியும். அந்தத் தமிழில் கேள்வி கிடையாது. அவர், "சரி, சரி" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் புறப்பட்டார்.

கார் போன பிறகும் யாரும் உட்காரவில்லை. டீமேக்கர் வீட்டுக் கேக்கைத் துரையே விரும்பி எடுத்துப்போனது எவ்வளவு பெரிய மரியாதை என்று பெரிய கிளாக்கர் சொன்னார். அவர் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. பெரிய கங்காணி மட்டும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "புள்ளையோடதுன்னு நெனப்பே வரலீங்கம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாக் கோபத்தையும் ஒரே ஆளுக்கென்று வைத்திருந்தேன். நேரே அடுப்படிக்குப் போனேன்.

சட்டியில் கிடந்த ஓரங்களை உதிர்த்து, ஜாம் ஊற்றிப் பிசைந்தேன். உடம்பு பிடித்து, கழுத்தை இழுத்து, வால் வைத்தேன். கண்ணுக்கு இரண்டு பிளம்ஸ். கோபத்தில் பிசைந்ததால் கோழி கொஞ்சம் தடியாகப் போயிற்று. பலகையில் வைத்துக் கொண்டுவந்து மேசையில் டொக்கென்று வைத்தேன்.

மகள் முகம் மலர்ந்தது. கத்தியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நிறுத்தி, வாசலைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இது யாருக்கு?"

அவர் வாசலுக்குப் போனார். எங்கள் வரிசை வீடுகளில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. துரை எந்த நேரமும் அந்தப் பாதையில் வருவார், கதவு சாத்தியிருந்தால் அவருக்கு மரியாதைக் குறைவு. இவர் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, "ஒனக்குத்தான். வெட்டு" என்றார்.

அவள் வெட்டினாள். யாரும் கையைப் பிடிக்கவில்லை. முதல் துண்டை என் வாயில் வைத்தாள், இரண்டாவதை அவர் வாயில் வைத்தாள். அவர் அழுதுகொண்டே தின்றார். என் கோபத்தில் பாதி அவர் அந்தக் கதவைச் சாத்தியபோது போயிற்று. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.