இரண்டு பாட்டில் எண்ணெய்

டிரான்ஸ்பார்மருக்குள் எண்ணெய் இருக்கிறது என்பதே டிப்ளமோவில் சேரும்வரை எனக்குத் தெரியாது. பிறகு அதைச் சோதித்துத்தான் வருடக்கணக்கில் சம்பளம் வாங்கினேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரிக்குப் பின்னால் எங்கள் ஆபீஸ். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் மின்சாதனங்களை வருடத்துக்கு ஒரு முறை சோதித்து ரிப்போர்ட் கொடுப்பது தொழில். எண்பதுகளின் கடைசியில் நான் சேர்ந்தபோது அங்கே இருந்த ஒரே பெண் டெஸ்டர் நான்தான். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து டிபன் டப்பாவோடு ரயிலேறி வருவேன். "என் பொண்ணு கரண்டு டெஸ்ட் பண்றா" என்று அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்ததால், அக்கம்பக்கத்து இஸ்திரிப் பெட்டிகளெல்லாம் ரிப்பேருக்கு எங்கள் வீட்டுக்கே வந்தன.

உண்மையில் என்னை எந்தக் கரண்டின் பக்கத்திலும் விடவில்லை. முதலாளி நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். "சைட்டெல்லாம் வேணாம்மா. வெயிலு, கிரீஸு. நீ லேப்ல உக்காரு" என்றார். லேப் என்பது பழைய பாத்ரூம். குழாயை மட்டும் அடைத்திருந்தார்கள்.

அங்கே என் மெஷின். கண்ணாடித் தொட்டியில் எண்ணெயை ஊற்றி, இரண்டு உலோகக் குமிழ்களுக்கு நடுவே வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படீரென்று பொறி பறக்கும். எத்தனை ஆயிரம் வோல்ட்டில் பறந்தது என்பதுதான் எண்ணெயின் தரம். ஈரம் சேர்ந்த எண்ணெய் முப்பதைத் தாண்டாது, நல்லது ஐம்பதைத் தாண்டும். ஆறு முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணெயில் காற்றுக்குமிழி அடங்கும்வரை நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன்.

பாட்டில்களைக் கொண்டுவருபவர் சைட் சீனியர். எல்லோருக்கும் அவர் அண்ணன். காலையில் மொபெட்டில் கிளம்பி, சாயங்காலம் பழுப்பு பாட்டில்களோடு வருவார். ஒவ்வொன்றிலும் ஒரு தொழிற்சாலையின் பெயர் ஒட்டியிருக்கும். எதைச் சோதித்தாலும் ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. நம் பக்கத்து ஆட்கள் டிரான்ஸ்பார்மரை எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று வியந்து அப்பாவிடம் சொன்னேன். அவரும் வியந்தார்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை, சைட்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் படித்த படிப்புக்கு நான் பாத்ரூமில் பாட்டில் கழுவுகிறவள்தான். மூன்று வருடம் கேட்டேன். நான்காம் வருடம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. வருத்தப்பட்டேன். சந்தோஷமும் பட்டேன், மறைப்பானேன்.

"ஒரே ஒரு இடம். நல்லபடியா முடிச்சா உனக்கும் சைட்டு" என்றார் முதலாளி.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. பாட்டிலைக் கழுவி, உலர்த்தி, மூடியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். அந்த இடத்து எலக்ட்ரீஷியன் அறையைத் திறந்துவிட்டார். கம்பி வலைக்குப் பின்னால் மூன்று தடித்த உருளைகள் நின்றன. எண்ணெய் எடுக்கிற வால்வைத் தேடி ஒரு சுற்று வந்தேன். குனிந்தும் பார்த்தேன்.

"இன்னா மேடம் தேடுற?"

"எண்ணெய் வால்வு எங்கே?"

"எண்ணெயா? இது டிரை டைப்பு மேடம். பிசின் ஊத்தி வார்த்தது. எண்ணெ போட்ட பழசைத் தூக்கினு போயி ரெண்டு வருசம் ஆவுது."

அந்த இரண்டு வருடமும் இந்த டிரான்ஸ்பார்மரின் எண்ணெய்க்கு 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் சாத்துக்குடியோடு திருநின்றவூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மஞ்சள் கண்ணோடு படுத்திருந்தவர் கொஞ்சமும் அசரவில்லை.

"எஸ்டேட்ல மொத பேக்டரி கீதே, அங்க வால்வு அல்வா மாதிரி தொறக்கும். எல்லா பாட்டிலையும் அங்கியே புட்ச்சிக்குவேன். மத்த எடத்துல துரு. தொறந்தா மூடாது, ஒழுகிக்கினே இருக்கும்."

"எண்ணெயே இல்லாத இடத்துக்குமா, அண்ணே?"

"லிஸ்ட்ல எண்ணெனு போட்டுகீது. இல்லேனு எழுதினா லெட்டர் வரும். பதில் யாரு எழுதறது? ஏம்மா, எண்ணெ நல்லாத்தான இருந்திச்சு?"

சாத்துக்குடியை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆனாலும் ரிப்போர்ட்டில் 'எண்ணெய்: இல்லை' என்று எழுதினேன். மூன்றாம் நாள் அந்தத் தொழிற்சாலை மேனேஜரிடமிருந்து போன். முதலாளி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார்.

"ரெண்டு வருஷமா இருந்த எண்ணெய், உங்க பொண்ணு வந்த அன்னிக்கு மட்டும் எப்படி சார் காணாமப் போகும்? இன்சூரன்ஸ்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

போனை வைத்துவிட்டு முதலாளி என்னைப் பார்த்தார். "நீ எழுதினது சரிதாம்மா. ஆனா போன வருஷம் எண்ணெய் இருக்குதுன்னு யாரு கையெழுத்து?"

'எண்ணெய்: திருப்திகரம்' என்று டைப் அடித்த புது ரிப்போர்ட் ஒன்றை நீட்டினார். நான் பேனாவை மூடிவிட்டு லேபுக்குப் போய் அழுதேன். கோபத்தில்தான். ரிப்போர்ட்டில் அவரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். என் சைட்டு அத்தோடு போயிற்று. உடம்பு தேறி வந்த அண்ணன் பழையபடி பாட்டில்களைக் கொண்டுவந்தார். அயனம்பாக்கத்து பாட்டிலுக்கு மட்டும் முதலாளி கையெழுத்து, மற்றதற்கெல்லாம் என்னுடையது. என் நேர்மை ஒரு பாட்டில் அளவு. குமிழி அடங்கக் காத்திருப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

இன்னும் மூன்று வருடம் கழித்து அண்ணன் துபாய்க்குப் போனார். வேறு ஆள் கிடைக்காமல் முதலாளி மொபெட் சாவியை என்னிடம் கொடுத்தார். முதல் வருடம் எல்லா வால்வையும் நானே திறந்தேன். கரையான்சாவடியில் ஒன்று திறந்தது, மூடவில்லை. சுடிதார் முழுக்க எண்ணெய். நானும் அந்த இடத்து எலக்ட்ரீஷியனும் ஆளுக்கொரு துணியால் அரை நாள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். அயனம்பாக்கத்துக்கு 'இல்லை' என்றே எழுதினேன். தொழிற்சாலையிலிருந்து லெட்டர் வந்தது. பதிலுக்கு நான்கு லெட்டர் எழுதினேன். நான்காவதற்கும் அவர்கள் எண்ணெய் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

இரண்டாம் வருடம், எஸ்டேட்டின் முதல் தொழிற்சாலை. வால்வு உண்மையிலேயே அல்வா மாதிரிதான் திறந்தது. அந்த இடத்து பாட்டிலைப் பிடித்து மூடினேன். பையில் இன்னும் இரண்டு காலி பாட்டில் இருந்தன, ஒன்று கரையான்சாவடிக்கு. மற்றது ஏன் வந்தது என்று எனக்கே தெரியாது. காலையில் நான்தான் கழுவி, உலர்த்தி, எடுத்து வைத்திருந்தேன்.

இரண்டையும் பிடித்தேன். கரையான்சாவடி, அயனம்பாக்கம் என்று சீட்டு ஒட்டினேன். லேபில் ஐம்பத்தாறு காட்டியது.

சாயங்காலம் அப்பா டீ டம்ளரோடு வாசலில் நின்றிருந்தார். "இன்னைக்கு எந்தெந்த ஊரும்மா டெஸ்ட்டு?" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி கேட்டார்.

மூன்று ஊர்ப் பெயரையும் சொன்னேன்.