கண்ணாடி நகரத்துப் பொறியாளர் மீதான வழக்கு

எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழா வழக்காடு மன்றம் இல்லாமல் நடந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் இதிகாசத்திலிருந்து யாராவது ஒரு பாவப்பட்ட ஆளைப் பிடித்து வந்து கூண்டில் ஏற்றுவார்கள். ஒரு பிள்ளை குற்றம் சாட்டும், இன்னொரு பிள்ளை காப்பாற்றப் பார்க்கும். தலைமையாசிரியர் நடுவராக உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் தண்டனை கொடுப்பார். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம் மட்டும் கூண்டில் நின்றவர் வேறு கிரகத்துக்காரர்.

அதற்குக் காரணம், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அறிவியல் டீச்சர். பள்ளிக்குப் புதிதாக வந்த பெரிய டிவியில் பென் டிரைவைச் செருகி, தமிழ் பேச வைத்த ஒரு வெளிநாட்டுப் படத்தை அவர் எங்களுக்கு மூன்று பீரியடில் போட்டுக் காட்டினார். காற்றே இல்லாத ஒரு கிரகம். அங்கே கண்ணாடிக் கூரை போட்ட ஒரு நகரம். காற்றை உண்டாக்கும் இயந்திரத்துக்கு ஒரு பொறியாளர் பொறுப்பு. ஆயிரம் பேருக்கு மேல் அந்த இயந்திரம் தாங்காது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வெளியே கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். அவர் திறந்துவிடுகிறார். மறுபடி தட்டுகிறார்கள், மறுபடி திறக்கிறார். ஒருநாள் இயந்திரம் வெடித்து ஒரு தெருவே செத்துப்போகிறது. அதற்குப் பிறகுதான் அவர் வில்லன் ஆகிறார். காரணத்தை மறைக்கிறார், கேள்வி கேட்ட கதாநாயகனைப் பிடித்து அடைக்கிறார். ஆனாலும் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் தினமும் படுக்கிறார். அந்த இடத்தில் வகுப்பில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினோம்.

டீச்சர் படத்தை நிறுத்தி, "நல்லா அழுங்க. அழுது முடிச்சிட்டு யோசிங்க. இந்த ஆளு கெட்டவரா, இல்லையா?" என்றார்.

குற்றம் சாட்டும் பக்கத்தை எனக்குக் கொடுத்தார். காப்பாற்றும் பக்கத்தை என் அத்தை மகளுக்குக் கொடுத்தார். வகுப்பில் கணீரென்று பேசக்கூடிய பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதைத் தவிர டீச்சருக்கு எங்களைப் பற்றி வேறொன்றும் தெரியாது.

அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் அப்பா மில் வேலைக்கென்று கோயம்புத்தூர்ப் பக்கம் போனவர், போனவர்தான். அத்தை தீப்பெட்டி ஒட்டி அவளை வளர்த்தாள். பிறகு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள், வந்த முதல் நாளே வெடி விபத்தில் செத்துப்போனாள். அந்தக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர் என் அப்பா. மருந்து சூடேறி வெடித்துவிட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வெயிலில் பால் திரிந்துவிட்டது என்பதைப் போல அதை நானும் கேட்டுக்கொண்டேன்.

நான் வீட்டில் சத்தம் போட்டுப் பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று விரலை ஆட்டினேன். அத்தை மகள் பழகவே இல்லை. எதையோ எழுதி, மடித்து, அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். நமக்கு வெற்றி உறுதி என்று எனக்குப் பட்டது. போதாததற்கு என்னிடம் ஒரு துருப்புச்சீட்டும் இருந்தது. ஆயுத பூஜைக்கு அப்பா என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போயிருந்தபோது, ஒவ்வொரு அறைச் சுவரிலும் எத்தனை பேர் உட்காரலாம் என்று பெயிண்டில் எழுதியிருப்பதைக் காட்டியிருந்தார். "இதுக்கு மேல ஒரு ஆளு உக்காரக் கூடாது தாயி" என்று சொல்லியும் கொடுத்தார். அதை மேடையில் எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, அத்தை மகள் திருடிவிடக் கூடாதே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

விழா அன்று சாயங்காலம் மைதானத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அப்பாவின் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அம்மா அவர்களோடு இருந்தாள். அப்பா பின்னால் வேப்பமரத்தடியில் வண்டிமேல் சாய்ந்து நின்றார்.

நான் நன்றாகத்தான் பேசினேன். தெரியாமல் செய்தால் தப்பு, தெரிந்தே செய்தால் கெட்ட குணம் என்றேன். கைதட்டினார்கள். பிறகு துருப்புச்சீட்டை இறக்கினேன்.

"வேற கிரகத்துக்கு எதுக்குப் போகணும்? எங்கப்பா கம்பெனியில ரூம் சுவத்துலயே எழுதியிருக்கும், நாலு பேருன்னு. அஞ்சாவது ஆளு வந்து அழுதாலும் எங்கப்பா உள்ள விட மாட்டாக. எங்கப்பா மாதிரி ஒரு ஆளு அந்தக் கண்ணாடி நகரத்துல இருந்திருந்தா ஒருத்தரும் செத்திருக்க மாட்டாக!"

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசைப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டமே மலைத்துப்போய்விட்டது என்று நினைத்து நான் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

நான்கு பேர் என்று எழுதிய அறையில், அத்தை செத்த அன்றைக்கு ஆறு பேர் இருந்தார்கள். தீபாவளிக்கு முந்தின சீசன். ஆர்டர் முடியவில்லை, லோடு ஏற்ற லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. அத்தை மூன்று நாளாகக் கம்பெனி வாசலில் வந்து நின்று, "அண்ணே, என்னையும் உக்கார விடு" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு நாள் முடியாது என்று சொன்ன அப்பா மூன்றாம் நாள் உள்ளே விட்டார். வெடித்ததில் மூன்று பேர் போனார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் அறையில் நான்கு பேர்தான் இருந்தார்கள், அத்தை தண்ணீர் கொடுக்க அந்தப் பக்கம் போனவள் என்று சொல்லும்படி முதலாளி சொன்னார். அப்பாவும் அப்படியே சொன்னார். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். எனக்கு அம்மா சொன்னபோது நான் கல்லூரி முடித்திருந்தேன்.

அத்தை மகள் எழுந்து வந்தாள். மடித்த தாளைப் பிரிக்கவே இல்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"கதவத் தட்டுனவங்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும். தெரிஞ்சுதான் தட்டுனாங்க. வெளிய நின்னாலும் சாவுதான். அவரு திறக்கலைன்னா, கண்ணு முன்னால சாகவிட்ட பாவின்னு அவரத்தான் சொல்லியிருப்போம். திறந்தது தப்பு. ஆனா கெட்ட எண்ணத்துல திறக்கல."

அவள் மைக்கிலிருந்து ஒரு கையை எடுத்தாள். போய்விடுவாளோ என்று டீச்சர் படியருகே வந்துவிட்டார்.

"ஆனா செத்தவங்க எப்படிச் செத்தாங்கன்னு மறைச்சாரு. அவங்க பிள்ளைக கிட்டயும் மறைச்சாரு. அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டாள். வக்கீலே கட்சிக்காரரைக் கைவிட்ட பிறகு நடுவர் என்ன செய்ய முடியும் என்று தலைமையாசிரியர் சிரித்தார். பொறியாளர் குற்றவாளி என்றும், காற்றில்லாத வெளியில் அவரைக் கொண்டுபோய் விடுவது என்றும் தீர்ப்புச் சொன்னார். எனக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு, அவளுக்கு ஒரு தட்டு. தட்டு சின்னது என்பதை நான் உடனே கவனித்தேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். அம்மா விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். அப்பா வண்டியை உருட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். வழியில் காராச்சேவு வாங்கி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். நான் ஜெயித்ததைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தேன். அவர் அத்தை மகள் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, அந்த ஆளு கெட்ட எண்ணத்துல செய்யலன்னியே. நெசமாத்தான் சொன்னியா?" என்று அவளிடம் கேட்டார்.

"டீச்சர் அந்தப் பக்கந்தான் குடுத்தாக மாமா."

"மறைச்சதுக்குப் பதில் இல்லன்னது?"

அவள் காராச்சேவை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள். "அது நானாச் சொன்னது."

அப்பா வண்டியை நிறுத்தினார். ஸ்டாண்டு போடப் போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"கடைசியில அவன் ஒத்துக்கிட்டானா?" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஜெயித்தவள்தான் என்று நான் முந்திக்கொண்டேன். "தெரியாதுப்பா. கடைசி இருவது நிமிசம் கரண்ட் போயிருச்சு. டீச்சர்கிட்டக் கேட்டா, அத நீங்களே சொல்லுங்கன்னுட்டாக."

"முழுசாப் பாக்காமலா அவனக் கொண்டுபோய் வெளிய விட்டீக?" என்றார் அப்பா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு வண்டியை மறுபடி உருட்டத் தொடங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. அத்தை மகளை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இருக்கன்குடி கோயிலுக்குப் போனார். நானும் வருவேன் என்று அழுதேன், அம்மா கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாள். காலையில் போனவர்கள் வெயில் தாழ்ந்துதான் வந்தார்கள். அப்பா வண்டியை விட்டதும் நேரே கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டார். அத்தை மகளின் இமைகள் வீங்கியிருந்தன. சித்திரை பிறந்ததும் அப்பா அந்தக் கம்பெனியை விட்டு நின்று, சாத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டப் போனார். அவளைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அவள் பிறகு அவரோடு முன்னைப் போல அதிகம் பேசியதில்லை, பேசாமலும் இருந்ததில்லை.

கோயிலுக்குப் போய் வந்த அன்றைக்கு நான் அவளை விடவில்லை. "அங்கன என்ன பேசுனீக, சொல்லு" என்று நச்சரித்தேன்.

ராத்திரி பாயில் படுத்த பிறகு அவள், "அந்தப் படத்துல, கடைசியில அவரு ஒத்துக்கிருவாரு" என்றாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா எங்கிருந்தோ படத்தை வாங்கி, தோற்றுப்போனவள் என்று அவளுக்கு மட்டும் மிச்சத்தைப் போட்டுக் காட்டிவிட்டார் என்று நினைத்து, இரண்டு பேரோடும் மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.