சுழல்தட்டின் சந்தனம்

சென்ற விசயதசமிக்கு ஊருக்கு வந்திருந்த என் மகன், வீட்டில் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்த டர்ன்டேபிளை அகற்றிவிட்டு, அதே இனத்தில் மேலானதொன்றை அந்த இடத்தில் வைத்தான். பழையதும் டைரக்ட் டிரைவ், புதியதும் டைரக்ட் டிரைவ். அதாவது, இசைத்தட்டை ஏந்திச் சுழலும் தட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே பெல்ட் என்னும் தரகர் இல்லாமல், மோட்டாரின் அச்சே நேராகத் தட்டைச் சுழற்றும் வகை. நான் நாள்தோறும் கேட்கும் பதிகத்தையே அதில் ஓடவிட்டு, “கண்ண மூடிட்டுக் கேளுங்கம்மா. வித்தியாசம் தெரியுதா?” என்றான். கண்ணை மூடிக் கேட்டேன். தெரிகிறது என்றேன். அவன் முகம் மலர்ந்ததைக் கண்டபோது, இதே கேள்விக்கு இதே விடையை முன்னொரு விசயதசமியன்று, பாவாடை கட்டிய பருவத்தில் நான் சொல்லியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. அன்று அந்த ஒற்றைச் சொல்லில்தான் என் தாய்மாமா எங்கள் வீட்டுப் படியை இனியும் மிதிப்பாரா என்பது அடங்கியிருந்தது.

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுவதும் விசைத்தறிகள். வீட்டின் பின்கட்டிலேயே அப்பாவின் தறிக்கூடம் இருந்தது. காலையில் எழுந்தது முதல் அவர் மல்லுக்கட்டியதெல்லாம் பெல்ட்டோடுதான். பெல்ட் நழுவும், தளரும், ஓர் ஈரமான நாளில் காரணமே இல்லாமல் முரண்டு பிடிக்கும். ஆகவே தூத்துக்குடியில் ஒருவர் வீட்டில் பெல்ட்டே இல்லாத ஒரு ரிக்கார்டு பிளேயரைக் கண்டபோது அப்பா அங்கேயே ஆட்பட்டுவிட்டார். இடையில் ஒருவரும் இல்லாமல் இறைவனே நேராக வந்து அடியாரை ஆட்கொள்வதைப் பதிகங்களில் பாடம் செய்திருந்த எனக்கும் அந்த ஏற்பாடு மிகச் சரியானதாகவே பட்டது. அதை வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். வருவோர் போவோருக்கெல்லாம் தட்டின் விளிம்பில் வரிசையாக இருந்த புள்ளிகளைக் காட்டுவார். வேகம் சரியாக இருந்தால், பக்கத்தில் எரியும் சிறிய சிவப்பு விளக்கின் ஒளியில் அந்தப் புள்ளிகள் சுழன்றுகொண்டே அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும்.

அம்மாவின் தம்பியான என் மாமா கப்பலில் வேலை பார்த்தார். எனக்குக் காது குத்தியபோது அவர் சீராகக் கொண்டுவந்த வெள்ளிப் பாத்திரத்தை, “இதெல்லாம் நம்ம வீட்டுல இல்லாததா?” என்று அப்பா விளையாட்டாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். விளையாட்டு அப்பாவோடு நின்றுவிட்டது. மாமா அந்தப் பாத்திரத்தோடு வெளியேறியவர், நெடுங்காலம் வாசலில் தலைகாட்டவில்லை. அம்மா வெள்ளிதோறும் அம்மன் சந்நிதியில் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக நின்றாள். அந்த ஆண்டு நவராத்திரிக்கு, யாரும் எதிர்பாராமல், மாமா வந்து சேர்ந்தார். கூடவே ஒரு பெரிய பெட்டியும் வந்தது. பெட்டிக்குள் இருந்தது இன்னொரு ரிக்கார்டு பிளேயர்.

“உங்களுக்குத்தான் அத்தான். உங்களுது நல்லதுதான், இல்லங்கல. ஆனா இது அதுக்கு மேல. தட்டே ரெட்டைக் கனம். உள்ள ஒரு படிகக்கல்லு இருந்து வேகத்தக் காவல் காக்கும். மயிரிழை பிசகாது” என்றார் மாமா.

“என்னுது மட்டும் பிசகுதாக்கும்? புள்ளி ஆடாம நிக்கதப் பாரும்வே” என்றார் அப்பா.

“கண்ணுக்கு நிக்கும் அத்தான். காதுக்கு ஆடும். இழுத்துப் பாடுத எடத்துல ஒரு நடுக்கம் இருக்கு.”

“நடுக்கம் உம்ம காதுல இருக்கும். கப்பல் எஞ்சினுக்குப் பக்கத்துல கெடந்த காதுல்லா.”

“உங்க காது தறிக்கூடத்துல கெடக்குதே, அது மட்டும் மல்லிகைப்பூவாக்கும்?”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு முடிந்ததும் அப்பா சொன்னார்: “சரிவே. போட்டுக் கேப்போம். வித்தியாசம் தெரிஞ்சா வச்சுக்கிடுதேன். தெரியலன்னா, கோவிச்சுக்கிடப்படாது, கட்டி எடுத்துட்டுப் போயிரணும்.”

மாமாவின் முகத்தில் வெள்ளிப் பாத்திரம் வந்து போனது. “எடுத்துட்டுப் போனா ஒரேயடியாத்தான் போவேன் அத்தான்” என்றார். அவர் குரல் தணிந்தேதான் இருந்தது. அடுக்களையில் அம்மி நின்றுவிட்டது.

போட்டுக் கேட்பது என்பது எங்கள் தெருவில் அத்தனை எளிதன்று. பாட்டுக் கேட்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் இருந்தால் தெருவெங்கும் தறிகள் ஓடும். தறி ஓடினால் நுட்பமான நடுக்கம் கிடக்கட்டும், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. மின்சாரம் நின்றால் தெரு அமைதியில் ஆழும். அந்த அமைதியில் பிளேயரும் சேர்ந்து ஆழ்ந்துவிடும். மின்சாரமும் நிசப்தமும் எங்கள் தெருவுக்கு ஒருசேர வாய்ப்பது ஆயுத பூசையன்று மட்டுமே. அன்று தறிகளுக்கெல்லாம் ஓய்வு. ஆகவே அந்த நாளுக்காக இருவரும் காத்திருந்தார்கள்.

ஆயுத பூசையன்று பிற்பகலில் இருவரும் இசைத்தட்டோடு வந்து பார்த்தால், கூடத்தில் இரண்டு பிளேயர்களுமே இல்லை. பூசை அறையில் அம்மன் படத்தின் முன்னே, என் பாடப் புத்தகங்களுக்கும் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில், பட்டையிட்டுப் பொட்டிட்டுப் பூச்சூடி அவை இரண்டும் வீற்றிருந்தன. அம்மா சந்தனத்தைச் சிக்கனமாக இடத் தெரியாதவள். பிளேயரின் பலகையில் தொடங்கி, தட்டுக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கையும் நிரப்பி, சுழல்தட்டின் விளிம்பு வரைக்கும் ஒரே பட்டையாகத் தடவி, அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தாள். அப்பாவின் புள்ளிகள் பாதிக்குமேல் சந்தனத்துக்குள் மறைந்துபோயின.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? இன்னைக்கு ஒருநாள்தான கேக்க முடியும்?” என்று அப்பா பதறினார்.

“ஆயுதம்னா எல்லாம் ஆயுதந்தான. பூசையில வச்சதத் தொடப்படாது. நாளைக்குக் காலம்பற மறுபூசை முடிச்சு நானே எடுத்துத் தாரேன்” என்றாள் அம்மா.

தறிகளைப் பூசையில் வைத்துவிட்டு, அவசர உருப்படி என்று ஒருவர் வந்து கெஞ்சினாலும் தொட மறுப்பவர் அப்பா. இசைத்தட்டைத் திரும்ப அதன் உறைக்குள் செருகினார். புத்தகங்களைத் தொடக்கூடாத நாள் என்பதால் எனக்கு மட்டும் அந்த விதியில் பெருமகிழ்ச்சி.

விசயதசமியன்று எங்கள் தெருவில் நல்ல நேரம் பார்த்து எல்லாத் தறிகளையும் ஒருமிக்க ஓட்டுவார்கள். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அமைதி உண்டு. எல்லாரும் குளித்து முடித்துக் கூடத்தில் உட்கார்ந்தோம். மாறி மாறி இயக்குவது யார் என்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. மாமா போட்டால் அப்பா நம்பமாட்டார், அப்பா போட்டால் மாமா நம்பமாட்டார். “நான் போடுதேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாந்தான போடுதேன்?” என்று அம்மா முன்வந்தாள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் கூடத்தில் எங்களைப் பார்த்து நின்றன. பிளேயர்கள் பூசை அறையில் இருந்தபடியே இருக்க, வாசலில் திரை தொங்கியது. மறுபூசை முழுதாக முடியும்வரை ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

“எது முதல்ல, எது பொறவுன்னு நான் சொல்ல மாட்டேன். வித்தியாசம் உண்டா இல்லியா, அது ஒண்ணுதான் பேச்சு” என்றும் சொன்னாள்.

“சின்னவ சொல்லட்டும். கோயில்ல பதிகம் படிக்குத காது. அதுக்குப் பொய் தெரியாது” என்றார் அப்பா. மாமாவும் ஒப்புக்கொண்டார். இப்படியாக அந்த வழக்கு என் காதுகளின் மேல் வந்து அமர்ந்தது. இல்லை என்று சொன்னால் மாமா போய்விடுவார். வரும்போது அவர் எனக்காகக் கொண்டுவந்த கிளிஞ்சல் மாலை கழுத்தில் கிடந்து உறுத்தியது. பொய் சொன்னாலோ, பதிகம் படிக்கும் நாவுக்கு அது அடுக்காது. எங்கள் ஊர் அம்மன் அரனும் அரியும் ஒன்றாய் நிற்கும் கோலத்தைக் காண ஒற்றைக்காலில் தவமிருந்தவள். தங்கள் இருவரில் யாருடைய தெய்வம் பெரிது என்று வழக்காடி வந்த சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்களுக்கும் அந்தக் காட்சியே விடையாயிற்று. அவளை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் முறை பதிகம் எழுந்தது. ஓதுவாரின் குரல் நன்றாகத்தான் இருந்தது. எனினும் எனக்கு அது குரலாக மட்டுமே கேட்டது. அது முடிந்தபின் உள்ளே வயர்கள் உரசும் ஓசை, வளையலோசை, மூடியைத் திறந்து மூடும் ஓசை. பிறகு மீண்டும் அதே பதிகம். இப்போது அந்தக் குரல் கூடத்துக்குள் நடந்து வந்தது. அடியை முடிக்கும் இடத்தில் சொல் தீர்ந்த பிறகும் ஒலி தீராமல், விளக்கை எடுத்துப் போனபின்னும் நிற்கும் வெளிச்சம்போல் நின்றது. ஓதுவார் மூச்சு வாங்குவது கேட்டது. எனக்குக் கண் கலங்கியது. நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வித்தியாசம் இருக்கு. ரெண்டாவதுதான் உசத்தி” என்றேன்.

“நான் சொல்லல?” என்று மாமா துள்ளி எழுந்தார். “ரெண்டாவதுல இழுவையில நடுக்கமே இல்ல. அது புதுசுதான்.”

அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வித்தியாசம் உண்டுவே. மறுக்கல. ரெண்டாவதுல ஒரு நெகிழ்ச்சி இருந்துச்சு பாரும், அது என் பழசுக்குத்தான் வரும். உம்மது முதல்ல பாடிச்சே, அது சுத்தமா இருந்துச்சு. சுத்தம் மட்டும் போதுமா?”

“அக்கா, எது ரெண்டாவது? சொல்லிரு” என்று மாமா திரையைப் பார்த்துக் கூவினார்.

“சங்கனும் பதுமனும் கேட்ட கேள்விய எங்கிட்ட வந்து கேக்கீங்களாக்கும்?” என்றது திரைக்குப் பின்னிருந்து அம்மாவின் குரல். “அம்மனே ஒத்தக் கால்ல நின்னுல்லா விடை வாங்கினா. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு. வித்தியாசம் இருக்குன்னு மூணு பேரும் சொல்லியாச்சு. பேசினபடி செய்யுங்க.”

பேசினபடி என்றால், வித்தியாசம் தெரிந்ததனால் புதியதை அப்பா வைத்துக்கொள்ள வேண்டும். தன் பழையதே வென்றது என்ற மனநிறைவில் இருந்த அப்பாவுக்கு அதில் தடையொன்றும் தோன்றவில்லை. “இருந்துட்டுப் போகட்டும்வே. ஆசையாக் கொண்டாந்திருக்கீரு” என்றார். தன் புதியதே வென்றது என்ற களிப்பில் இருந்த மாமாவும், “பழசும் கெடக்கட்டும் அத்தான், பாவம்” என்று பெருந்தன்மை காட்டினார். அந்த நேரத்தில் தெருவில் முதல் தறி ஓடத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து தெரு முழுவதும் இரைந்தது. அப்பா மாமாவின் தோளில் கைபோட்டுத் தறிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். மாமாதான் அன்று எங்கள் முதல் தறியின் பொத்தானை அழுத்தினார். அதன்பின் விடுப்பு கிடைத்த போதெல்லாம் அவர் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கினார். இரண்டாவதாகப் பாடியது எது என்ற வழக்கை இருவரும் கடைசிவரை இன்பமாக நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பின்கட்டுக்குப் போன பிறகு, பூக்களை எடுக்க அம்மா என்னை உள்ளே அழைத்தாள். குனிந்து பூவெடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். பழைய பிளேயரில் சந்தனப் பட்டை பிளந்து போயிருந்தது. பலகையில் ஒரு பாதி ஓரிடத்திலும், சுழல்தட்டில் மறுபாதி எங்கோ எதிர்ப்புறத்திலும் கிடந்தன. புதிய பிளேயரிலோ பட்டை முதல்நாள் இட்டது இட்டபடியே இருந்தது. பலகையிலிருந்து விளிம்புவரை ஒரே கோடாக, காய்ந்து, ஒரு கீறலும் இல்லாமல், நடுவில் குங்குமத்தோடு.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “அம்மா, மாமா சொன்னது நெசந்தான். புதுசுதான் உசத்தி. பழசுல சந்தனமெல்லாம் கலைஞ்சு போச்சு. இதுல சுத்தியும் கலையல பாரு!” என்றேன்.

அம்மா என்னையும் பிளேயரையும் ஒரு கணம் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அந்தப் பட்டையை விரைந்து துடைத்தாள்.

“ஆமாட்டி. நல்ல சாமானுல்லா. ஆனா வெளிய போய்ச் சொல்லிராத, கண்ணு பட்டுரும்.”

நான் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பள்ளித் தோழியிடம் மட்டும், எங்கள் வீட்டில் ஒரு பிளேயர் இருக்கிறது, அது எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மேலே இட்ட சந்தனம் கலையாது என்று பெருமையடித்துக்கொண்டேன். அவளும் வாயைப் பிளந்து கேட்டாள். சுழலவே சுழலாத தட்டில்தான் சந்தனம் கலையாமல் இருக்கும் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.