அமுதா எடுத்த அழைப்புகள்

அமுதா இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. வழக்கம்போல "சொல்லுங்க அமுதா" என்றேன். பேசியது அவர் கணவர். மாரடைப்பாம். கும்பகோணத்தில் ஒரு மாடியறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு அவர் கணவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரைஸ் மில்லுக்குச் சல்லடை, உமி அடுப்பு என்று செய்கிற சிறு பட்டறைகளை, இணையத்தில் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படவைப்பது. பாபநாசத்தில் சல்லடைப் பட்டறை வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணன், தன் இணையப் பக்கத்தின் உச்சியில் மாலை போட்ட அப்பா படம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"அண்ணே, தேடி வர்றவன் சல்லடை வாங்க வர்றான், கும்பிட வரல" என்றார் அமுதா. அண்ணனே சிரித்துவிட்டார். அப்பா கீழே இறங்கினார், பட்டறை தேடலில் மேலே ஏறியது.

ஆனால் அண்ணன் போனை எடுக்கமாட்டார். தெரியாத எண் என்றாலே லோன்காரன் என்று முடிவு கட்டிவிடுவார். அமுதா தலையில் அடித்துக்கொண்டு தன் எண்ணையே அந்த இணையப் பக்கத்தில் போட்டார். "ஒரு தடவை எடுக்கலேன்னா அடுத்த பட்டறைக்குப் போயிடுவாங்க" என்று சாப்பாட்டுக் கையோடும் எடுப்பார். துளை அளவிலிருந்து லாரி வாடகை வரை அவரேதான் பேசுவார். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மில்காரர்களுக்குப் பட்டறை என்றால் அமுதாதான்.

இப்போது அந்த சிம் என்னிடம் இருக்கிறது. எண் இணையமெங்கும் பரவிக் கிடக்கிறது, மாற்றி மாளவில்லை. அழைக்கிறவர்களிடம் விஷயத்தைச் சொல்கிறேன். பதறுகிறார்கள், பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறார்கள். துக்கம் கேட்ட வாயால் வியாபாரம் பேசக் கூசி, சல்லடை கேட்காமலே வைத்துவிடுகிறார்கள். நல்ல மனிதர்கள்தான். அந்த நல்ல குணமே பட்டறையை மூடிக்கொண்டிருக்கிறது. பாதி மெஷின் ஓடவில்லை.

"மேடம் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க தம்பி. இல்லேன்னா பட்டறை நின்னுடும்" என்று கெஞ்சினார் செல்வராஜ் அண்ணன். அமுதாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த எண் ஒன்றுதான். அதிலா பொய் சொல்வது? ஆனாலும் நேற்று மன்னார்குடி மில்காரர் ஒருவர் அழைத்தபோது அப்படியே சொன்னேன். என்ன சல்லடை வேண்டுமோ என்னிடமே சொல்லலாம் என்றேன்.

"பரவால்லீங்க, அவங்க வரட்டும். வந்ததும் அவங்ககிட்டயே பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.