தோள் மாற்றும் இடங்களைக் கேட்டவர்

காலை ஆறு மணி இருபது நிமிடம். ஏற்காட்டில் அக்காவின் வீட்டு வாசலில் நான் முதலில் பார்த்தது செருப்புகளை. கொட்டச்சேட்டிலிருந்தும் அதற்கு அப்பாலுள்ள மலைக் கிராமங்களிலிருந்தும் ஜீப்பில் வந்தவர்கள் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். சேலத்திலிருந்து வந்த நான், அக்காவின் உடலைப் பார்க்க அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்.

"நீங்க ஆருங்க?" என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

"தம்பிங்க."

"இஞ்சினியரம்மாவுக்குத் தம்பி இருக்குதுங்களா?"

அக்கா ஏற்காட்டில் பிறந்தார். அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மிஷன் பள்ளியில் படித்து, பொறியியல் பட்டம் பெற்று, எழுபதுகளின் தொடக்கத்தில் நெடுஞ்சாலைத் துறையில் சேர்ந்தார். மலையில் சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அவருடைய வேலை. அவருக்கு மூன்று வயது இளையவனான நான் பத்திரிகை நிருபரானேன். என் பெயருடன் வந்த முதல் கட்டுரையை அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் அக்கா சர்வேக்குப் புறப்பட்டபோது அவருடைய தக்காளிச் சோற்றுப் பொட்டலம் அந்தத் தாளில் கட்டப்பட்டிருந்தது.

"வேற பேப்பர் கெடைக்கலையாம்மா?"

"இதுதான் கண்ணு கசங்காம இருந்துச்சு" என்றார் அம்மா.

அக்காவைப் பொறாமையோடுதான் பார்த்து வந்தேன். இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர் பலருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும் என்று இப்போது எழுதி வைக்கிறேன். ஏற்காடு கடைவீதியில் அக்கா கை காட்டினால் நிறுத்தம் இல்லாத இடத்திலும் பஸ் நின்றது. நான் காட்டினால், "பின்னாடி வண்டி வருதுங்க" என்பார் நடத்துநர்.

அந்தக் காலத்தில் கொட்டச்சேட்டுக்கு அப்பால் சாலை கிடையாது. நோயாளிகளை மூங்கிலில் தூளி கட்டித் தூக்கி வருவார்கள். ஒருமுறை அக்காவுடன் அங்கே போனேன். அளவுக் கருவிகளைப் பிரிக்கும் முன்பு, தூளி தூக்குகிறவர்களிடம் அவர் ஒன்று கேட்டார்.

"ஏனுங்க, எங்கெங்க தோள் மாத்துவீங்க?"

"சாதா ஆளுன்னா அஞ்சு எடமுங்க. எங்க மாமியார்னா ஏழு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு ஏழு இடங்களையும் நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். தோள் மாற்றும் இடத்தில் ஏற்றம் கடுமையாக இருக்கும். அந்த இடங்களை விலக்கி, வளைத்து வளைத்துப் பாதையை வரைந்தார். மேலதிகாரி நேரான, குறுகிய பாதை கேட்டார். "அதுல பஸ் ஏறாதுங்க சார்" என்று இரண்டு மழைக்காலம் அக்கா வாதாடினார். கடைசியில் அவர் வரைந்த பாதையே ஏற்கப்பட்டது. தோள் மாற்றுவது பற்றிய அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேள்வி கேட்பது என் தொழில்.

எண்பதுகளில் அந்தச் சாலையில் முதல் பஸ் ஏறியது. திறப்பு விழாவுக்குச் செய்தி எழுத நான்தான் போனேன். கல்வெட்டில் அமைச்சர் முதல் ஒப்பந்தக்காரர் வரை பலர் பெயர்கள் இருந்தன. அக்காவின் பெயர் இல்லை. கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்தார். அதுவரை என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

"கண்ணு, கல்லுலதான் போடல. உன் பேப்பர்ல எம் பேரை ஒரு வரி போடுவியா?"

"போட்டுடலாங்க்கா."

செய்தியில் பந்தல் போட்டவரின் பெயர் வரை எழுதினேன். சாலையைத் 'துறை அதிகாரிகள் திட்டமிட்டனர்' என்று முடித்தேன். இடம் போதாமல் இல்லை. பெயர் அச்சில் வருவது ஒன்றுதான் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "படிச்சேன் சாமி. நொம்ப நல்லா எழுதியிருக்கற. வளைவு மட்டும் ஒண்ணு கொறைச்சுப் போட்டுட்ட. மொத்தம் பதினொண்ணு."

திருத்தம் போடச் சொல்லவில்லை. பெயரைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த அமைதியும் அவருக்கே வாய்த்தது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

தொண்ணூறுகளில், பணியில் இருக்கும்போதே அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. படுத்த நிலையிலும் அலுவலக வரைபடங்களை வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்தார். அந்த மாதங்களில் அவரைச் சேலம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்த ஜீப் ஓட்டுநருக்கும், உடனிருந்து கவனித்த செவிலியருக்கும், கல்லறைத் தோட்டம் வரை வந்த கொட்டச்சேடு, மஞ்சக்குட்டை ஊர்ப் பெரியோருக்கும், ஆலயப் பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இறப்புச் செய்தியை எங்கள் பத்திரிகைக்கு நானே எழுதினேன். நான்கு வரி. அந்தப் பத்திரிகையில் அக்காவின் பெயர் அச்சானது அதுதான் முதல் முறை.