தட்டோடு நின்ற ஆறு பேர்

எங்கள் வீட்டில் பைபிள் வாசிக்க ஒரே ஒரு சட்டம்தான். நேற்று எங்கே நிறுத்தினோமோ, இன்று அங்கிருந்து. நாளுக்கு ஓர் அதிகாரம். விடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அப்பா, அம்மா, நான் மூவரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வருவோம். பள்ளியில் எனக்கு மலையாளம். தமிழ் எழுத்தை நான் கற்றதே இந்தச் சுற்றில்தான். என் முறைக்கு எந்த வசனம் வரும் என்று முன்கூட்டியே எண்ணிவைத்து, மற்றவர்கள் வாசிக்கும்போது அதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே வேதத்தில் மூன்றில் இரண்டு பங்கு என் காதில் விழுந்ததே இல்லை.

அப்பாவுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் மேற்பார்வை வேலை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே வந்து சேர்ந்தவர். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. வசனத்தையும் அதே தொண்டையில்தான் வாசிப்பார். கீழ்வீட்டில் ஆட்டோ ஓட்டும் சேட்டன் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அறுவை சிகிச்சை செய்துதான் ஆகவேண்டும், எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்லமுடியும், குரல் பழையபடி வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். இதையெல்லாம் என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒற்றை அறை வீட்டில் ரகசியம் பேசுவது எப்படி என்று பெரியவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

என்னைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. தினமும் காலையில் யாரோ ஒரு போதகர் அனுப்பும் ஆறுதல் வசனம் அவள் கைபேசிக்கு வந்துவிடும். பயப்படாதே, கலங்காதே, நான் உன்னோடிருக்கிறேன் என்கிற வகையில். அதை வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடக்கூடியவள். அவளுடைய போதாத காலம், அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில் எங்கள் வரிசையில் வந்து நின்றது வேதத்திலேயே மிக நீளமான அதிகாரங்களில் ஒன்று. பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள், பன்னிரண்டு நாட்கள், நாளுக்கொருவராகக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். ஒரு வெள்ளித் தட்டு, ஒரு வெள்ளிக் கிண்ணம், ஒரு பொன் கரண்டி, ஒரு காளை, ஓர் ஆட்டுக்கடா. எல்லாரும் கொண்டுவருவது அதே சாமான்கள். பெயர் மட்டும் மாறும்.

இரண்டாவது தலைவரிலேயே அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, இன்னைக்காவது ஆறுதலா ஒரு சங்கீதம் வாசிக்கப்பிடாதா? தட்டும் கிண்ணமும் கேட்டுட்டா ஆஸ்பத்திரிக்குப் போணும்?"

"வரிசையில என்ன வருதோ அதுதான் நமக்கு. பெறக்கித் தின்ன இது என்ன மிச்சரா?" என்றார் அப்பா.

நான் முழுக்க அத்தை கட்சி. கடவுளிடம் காரியம் ஆகவேண்டிய நாளில் அவருடைய பாத்திரப் பட்டியலை அவருக்கே வாசித்துக்காட்டுவது எனக்கும் சரியாகப்படவில்லை. ஆனால் அப்பா அசையவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. கீழிருந்து சேட்டன், "எந்தா சேட்டா, பாத்திரம் எண்ணி இனியும் கழிஞ்ஞில்லே?" என்று குரல் கொடுத்தார். எண்ணி முடியவில்லையா என்ற கிண்டல். அவருடைய ஆட்டோவில்தான் போவதாக ஏற்பாடு.

ஆறாவது தலைவர் காணிக்கையை வைத்துவிட்டுப் போனதும் அப்பா சிவப்பு நாடாவை எடுத்துப் பக்கத்தின் குறுக்கே போட்டார்.

"போதும். மிச்சத்த வந்து வாசிப்போம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அதிகாரத்தைப் பாதியில் நிறுத்துவது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. எனக்குக் காய்ச்சல் நூற்றிமூன்று அடித்த நாளில்கூட ஐம்பது வசனத்தையும் முடித்துவிட்டுத்தான் மாத்திரை கொடுத்தார்கள். ஆட்டோவுக்கு நேரமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்தால் சேட்டன் சாயாவை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார், அவசரம் ஒன்றும் இல்லை.

ஒன்பது நாட்கள் அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரியில். அத்தை காலையும் மாலையும் தன் இஷ்டத்துக்குச் சங்கீதங்களாக வாசித்து அழுதாள். அப்பாவின் வேதம் அலமாரி மேல் நாடாவோடு இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே என்னவோ போலிருந்தது. பாதி சாப்பிட்ட தட்டை மூடிவைத்ததுபோல. மிச்சம் வைத்தால் கடவுள் குறித்துவைத்துக்கொள்வார் என்ற பயம் ஒரு பக்கம். திரும்பி வந்தாலும் அப்பாவால் பேசமுடியாதே, அவருக்கு எதற்குச் சிரமம் என்ற அக்கறை இன்னொரு பக்கம். இரண்டும் நிஜம்தான்.

பள்ளி விட்டு வந்து மூன்று சாயங்காலங்களில், மீதியிருந்த ஆறு தலைவர்களையும் விரல் வைத்து, சத்தமாக, ஒரு பெயரையும் விழுங்காமல் வாசித்து முடித்தேன். நாடாவை அடுத்த அதிகாரத்துக்கு மாற்றினேன். நான் தனியாக முடித்த முதல் தமிழ் வாசிப்பு அது. யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வந்து பார்த்து ஆச்சரியப்படவேண்டும்.

அப்பா கழுத்தில் கட்டோடு வந்தார். கட்டி கெட்டது இல்லை என்று பிறகு தெரிந்தது. குரல் மட்டும் காற்றாக வந்தது. மறுநாள் காலையில் சட்டப்படி உட்கார்ந்தோம். அப்பா நாடா இருந்த இடத்தைத் திறந்தார். பார்த்தார். ஒரு பக்கம் பின்னால் புரட்டினார்.

"மிச்சத்த நானே வாசிச்சு முடிச்சிட்டேன்ப்பா, எல்லாரையும்!" என்றேன்.

அப்பாவின் கை பக்கத்தின் மேல் அப்படியே நின்றது. முகம் விழுந்துபோனது. "அப்டியா மக்ளே" என்றார். பிறகு அடுத்த அதிகாரத்தை எடுத்தார். அவர் முறை வந்தபோதெல்லாம் அம்மா அவருக்காக வாசித்தாள்.

முடிந்ததும் அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்த் தொடையில் கிள்ளினாள்.

"அப்பா அங்க கெடந்து என்ன சொன்னாவ தெரியுமாட்டீ? உள்ள கொண்டுபோகும்போ என் கையப் பிடிச்சிட்டு, ஆறு பேரு தட்டோட நிக்காவ, வீட்டுக்குப் போய் வாசிக்கணும், வாசிக்கணும்னு அதையேதான் சொன்னாவ."

மயக்க மருந்தின் வேலை என்று நினைத்தேன். அப்படியே இருந்தாலும் அந்த ஆறு பேரையும் நான்தானே ஒழுங்காக அனுப்பிவைத்தேன்? நன்றி சொல்லவேண்டிய இடத்தில் கிள்ளு வாங்கியது பொறுக்கவில்லை.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் விழித்துவிட்டேன். ஜன்னலோரம் அப்பா வேதத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். ஒரு வெள்ளித் தட்டு, ஒரு வெள்ளிக் கிண்ணம், ஒரு பொன் கரண்டி. ஏழாவது தலைவர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றையும் விடாமல். கன்னம் நனைந்திருந்தது. வலியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

நான் வாசித்ததில் அவருக்கு நம்பிக்கை இல்லை, எங்கேயாவது தப்புவிட்டிருப்பேன் என்று சரிபார்க்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். இரண்டு நாட்கள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.