தீக்குச்சி வைக்காத சேலை

பாண்டிமீனா வருகிறாள் என்றால் கொடியில் காயும் பழைய வேட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும் என்று அந்தத் தெருவில் ஒரு கேலி உண்டு. கேலிதான், ஆனால் சும்மா சொல்லவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அவள் கண் முதலில் துணி மேல்தான் விழும். மூலையில் சுருண்டு கிடக்கும் கிழிந்த போர்வை, பீரோ மேல் தூசி படிந்த பாவாடை, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன யூனிபார்ம், எதுவானாலும் சரி. பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, கை அது பாட்டுக்குப் போய் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கும்.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். புருசன் செல்வக்குமார் ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிறவன். கல்யாணச் சீரோடு வந்த தையல் மெஷினை அவள் முதன்முதலாக ஓட்டியது அவனுடைய லுங்கியில்தான். லோடு இறக்கிவிட்டு வந்து குளித்துவிட்டு, லுங்கி எங்கே என்று தேடினான் மனுசன். அது இரண்டு ஜன்னல் திரையாகவும் ஒரு சின்னப் பையாகவும் ஆகிவிட்டிருந்தது. ஈரத் துண்டோடு நின்றபடி அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான், பிறகு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வேறு லுங்கி எடுக்கப் போனான். அவனைப் போல ஒரு புருசன் வாய்த்திருக்காவிட்டால் இந்தக் கதையே கிடையாது.

புதுத்துணியை அவள் தொடமாட்டாள். ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், சாத்தூரில் நல்ல டெய்லர் இருக்கிறார் என்று வழி சொல்லி அனுப்பிவிடுவாள். பார்த்தவர்கள் இது தலைக்கனம் என்றார்கள். தலைக்கனமேதான், வேறென்ன! கடைத் துணியை வெட்டித் தைக்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது, இனி எதற்கும் ஆகாது என்று கழித்துக் கட்டியதை எடுத்து நாலு பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்கிற மாதிரி ஆக்குவதில்தான் அவளுக்கு ருசி. சிவகாசி அச்சாபீஸ்களில் மெஷின் துடைக்க என்று திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் வரும். மை துடைத்துக் குப்பைக்குப் போக வேண்டிய துணி. அந்த மூட்டைகள் இறங்கும் கடையில் போய் உட்கார்ந்து, கடைக்காரர் முகம் சுளிக்கச் சுளிக்கப் பொறுக்கி எடுத்து வருவாள். ஏழெட்டு நிறத்துத் துண்டுகளை ஒட்டுப்போட்டு அவள் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு அவளுடைய மகள் ஒரு கல்யாணத்துக்குப் போய், அங்கே வந்த பெண்கள் எல்லாரும் எந்தக் கடை என்று விசாரித்ததை அவள் இன்றைக்கும் நூறு தடவை சொல்வாள்.

இந்தப் பைத்தியம் ஊருக்கு உபயோகப்பட்டது கம்பெனிச் சட்டையில்தான். அந்த ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் காலையில் வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். வெடிமருந்து புழங்குகிற அறையில் பருத்தி தவிர வேறு துணி உடுத்தக் கூடாது. பாலியெஸ்டரும் பூனம் சேலையும் உரசினால் மின்சாரம் பிறக்கும், அதில் ஒரு சின்னப் பொறி தெறித்தால் போதும். அதனால் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளைகளின் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார்கள். தொளதொளவென்று, கை மடங்காமல், பொத்தான் பாதி இல்லாமல். அதைப் பார்க்கப் பார்க்கப் பாண்டிமீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய வேட்டி, பழைய சுங்குடி, போர்வை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து, முழங்கை வரை வருகிற, இடுப்பில் நாடா கட்டுகிற மேல்சட்டையாகத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். தைக்கிற நூலும் பருத்தி நூல். ஒவ்வொரு துணியிலும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு மூலையைக் கத்தரித்துத் தீக்குச்சி கிழித்து வைத்துப் பார்ப்பாள். பருத்தியானால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் சுருங்கி உருகி, கறுப்பு மணியாக இறுகிவிடும். கம்பெனி வாசலில் நின்று துணியைத் தடவிப் பார்க்கிற போர்மேன் ராஜபாண்டியன்கூட, மீனா தைத்ததா, போ என்று விட்டுவிடும் அளவுக்கு அவள் கைக்கு ஒரு பேர் வந்துவிட்டது.

அந்தப் பேரில்தான் வினை வந்தது.

பங்குனிப் பொங்கல் முடிந்து, காளியம்மனுக்குச் சாத்திய சேலைகளைக் கோயிலில் ஏலம் விட்டார்கள். சிவப்பில் மஞ்சள் கரை போட்ட சேலைகளாக இரண்டைப் பாண்டிமீனா எடுத்து வந்தாள். அம்மன் உடுத்திய சேலையில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனால் அந்தப் பெண்களுக்கு அதைவிடக் காவல் வேறென்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. தொட்டால் வழவழவென்றுதான் இருந்தது, நைசான நூலில் நெய்த பருத்தியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கம்போல மூலையைக் கத்தரிக்கக் கத்தரியையும் எடுத்தாள், தீப்பெட்டியையும் எடுத்தாள். எடுத்தவளுக்குக் கை வரவில்லை. அம்மன் இடுப்பில் இருந்த சேலையில் தீ வைப்பதா? தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாலு சட்டை வெட்டித் தைத்து, நாலு பெண்களுக்குக் கொடுத்தாள். அதில் ஒன்று பக்கத்து வீட்டு மாடத்திக்கு.

மாடத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்துகிற அறையில் வேலை. முந்தின வருசம் வேறொரு கம்பெனியில் அக்காவும் தங்கையுமாக வேலை பார்த்தபோது, அடுத்த அறையில் வெடித்து, தங்கை இருளம்மாள் போய்விட்டாள். பல மாதம் வீட்டோடு கிடந்துவிட்டு, வேறு வழியில்லாமல்தான் மாடத்தி இந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து அறைக்குள் நுழைந்தால் கை நடுங்கும். மருந்து வேலையில் கை நடுங்கவே கூடாது, அது அவளுக்கும் தெரியும், கூட இருக்கிறவர்களுக்கும் தெரியும். அம்மன் சேலைச் சட்டையைப் போட்ட பிறகு அந்த நடுக்கம் நின்றுவிட்டது. சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் நேராகப் பாண்டிமீனா வீட்டுக்கு வந்து, இரண்டு கையையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தச் சேலையில் மிஞ்சிய துண்டில் பாண்டிமீனா தலையணை உறை தைத்து அதற்கு இஸ்திரி போட்டாள். பெட்டி துணியில் உட்கார்ந்த இடத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. இழுத்தால் பசை போல நூல் விட்டு வந்தது, அறையெல்லாம் பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம். அடிப் பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னையே வைதுகொண்டு, பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

மூன்று பேரிடமிருந்து சட்டை மதியத்துக்குள் திரும்பிவிட்டது. விசயத்தைக் கேட்டதும் அவர்கள் அரண்டுபோய், தொட்டால் சுடுகிறது என்பது போல எடுத்துக் கொடுத்தார்கள், பதிலுக்குப் பழைய வேட்டிச் சட்டையை வாங்கிக்கொண்டார்கள். மாடத்தி மட்டும் தரவில்லை. அவள் துவைத்து மடித்து அம்மன் படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். பாண்டிமீனா சொல்லி முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டாள். அவசரத்தில் இஸ்திரியை அதிகமாகச் சூடேற்றியிருப்பாய் என்றாள். அம்மன் சேலை ஆளைச் சுடுமா என்றாள். கடைசியில் சட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நீ வீட்டுல உக்காந்து தைக்கிறவ. நான்ல உள்ள போறேன். இதைப் போட்டதுக்கப்புறந்தான் தாயி கை நடுங்காம இருக்கு. இதையும் கழட்டிக் குடுத்துட்டு, நான் எதை நம்பி உள்ள போக?”

பாண்டிமீனா வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். போர்மேனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலையில் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைத்துவிடுவார். ஆனால் சட்டையைத்தானே கழற்ற முடியும். அதன் பிறகு நடுங்குகிற கையோடு மாடத்தி அந்த அறைக்குள் போய் உட்கார்வாள். இரண்டில் எது நடந்தாலும் தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. நான் வைத்த கொள்ளி, நானேதான் எடுக்க வேண்டும் என்று எழுந்தாள். மாடத்திக்கு வேண்டியது அம்மன் உடுத்திய துணி. மருந்து அறைக்கு வேண்டியது பருத்தி. இரண்டும் ஒரே துணியாக இருக்க வேண்டும், அதுவும் விடிவதற்குள் சட்டையாக வேண்டும், அவ்வளவுதானே!

கோயிலுக்குப் போய்ப் பூசாரி கருப்பணனைப் பிடித்தாள். ஏலம் போகாத சேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவர் ஒரு மூட்டையை அவிழ்த்தார். எல்லாம் பளபளவென்று மின்னுகிற சேலைகள். இந்தத் தடவை அவள் விரலை மட்டும் நம்பவில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து மூலையைக் கத்தரித்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். பூசாரிக்கு ஆத்திரம் வந்துவிட்டது, அம்மன் துணியில் தீ வைக்க உனக்கு எவ்வளவு துணிச்சல் என்று கையைத் தட்டிவிட வந்தார்.

பாண்டிமீனா நகரவில்லை. “வருசா வருசம் அவ பேரைச் சொல்லித்தான பூசாரியய்யா தீச்சட்டி தூக்குறோம்? தீயைப் பார்த்து அவளா கோவிக்கப் போறா? நாந்தான் பயந்துட்டேன். நான் பயந்ததுல இன்னைக்கு ஒரு உசுரு தொங்கிக்கிட்டு இருக்கு.”

கருப்பணன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு என்ன நடந்தது என்று கேட்டார், அவள் ஒன்று விடாமல் சொன்னாள். மாடத்தி பேரைக் கேட்டதும் அவர் மூட்டையைத் தானே அவள் பக்கம் தள்ளிவிட்டார். ஒவ்வொன்றின் மூலையிலும் தீ வைத்துப் பார்த்தாள். எல்லாம் சுருங்கின, உருகின, கறுத்து இறுகின. மூட்டை முடிந்துவிட்டது. வேறே இல்லையம்மா என்று அவர் கையை விரித்தார். அவள் விடுவாளா? சாமான் அறையைத் திறக்கச் சொல்லி உள்ளே நுழைந்தாள். குத்துவிளக்கு, மேளம், உடைந்த குடை, மூலையில் சப்பரம். சப்பரத்தின் மேல் தூசி விழாமல் இருக்க ஏதோ ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தது. நிறம் இன்னதென்று சொல்ல முடியாமல் வெளுத்துப்போயிருந்தது. பாண்டிமீனாவின் கை அது பாட்டுக்குப் போய் அதன் ஓரத்தைப் பிடித்தது.

அது என்ன என்று கேட்டாள். முந்தின பூசாரி காலத்தில் அருப்புக்கோட்டைத் தறியில் நெய்து அம்மனுக்குக் கொண்டுவந்த சேலை, பல திருவிழாவுக்கு அதைத்தான் கட்டினோம், இப்போது சாயம் போய்விட்டதென்று மூடக் கிடக்கிறது என்றார். அம்மன் இடுப்பில் இருந்ததுதானே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பூசாரியையும் அம்மன் சாட்சியாக அதையே சொல்லச் சொன்னாள். பிறகு, மாடத்தி கண் முன்னால்தான் இதில் தீ வைக்க வேண்டும், சேலையைச் சன்னதிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு இங்கேயே இருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு மாடத்தி வீட்டுக்கு ஓடினாள்.

மாடத்தி வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். சட்டையைத் தர வேண்டாம், போட்டுக்கொண்டே வந்து ஒருதடவை பார்த்துவிட்டுப் போங்கள், அதற்கப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன் என்று பாண்டிமீனா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். வெயில் தணிந்துகொண்டிருந்தது. சன்னதி முன்னால் பூசாரி திருநீற்றுத் தட்டைக் காலி செய்து வைத்தார். அம்மன் விளக்கிலிருந்தே தீயை எடுத்தார்கள்.

முதலில் மாடத்தி சட்டையின் உள்தையலில் மடிந்திருந்த ஒரு துண்டைப் பாண்டிமீனா கத்தரித்தாள். தீ பட்டதும் அது புழு மாதிரி நெளிந்து, கறுப்பாய்ச் சொட்டித் தட்டில் ஒட்டிக்கொண்டது. மாடத்தி விரலால் தொட்டுப் பார்த்தாள். சுட்டுவிட்டது, விரலை உதறினாள், ஒட்டியது உதறியும் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தங்கை போன அன்றைக்குப் பக்கத்து அறையில் என்ன பார்த்தாளோ, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

பிறகு பழைய சேலையில் ஒரு மூலை. அது சட்டென்று பற்றி, சுடர் விட்டு எரிந்து, அடங்கியது. தட்டில் கொஞ்சம் சாம்பல் மட்டும் கிடந்தது. ஊதினால் பறந்துவிடும் போல அவ்வளவு மிருதுவான சாம்பல்.

மாடத்தி அந்தச் சாம்பலை மோதிர விரலால் தொட்டாள். இந்த முறை சுடவில்லை. சன்னதியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் பூசினாள். தட்டில் மிச்சமிருந்த சாம்பலை வழித்துப் பாண்டிமீனாவின் நெற்றியிலும் பூசிவிட்டாள். அப்புறம் இடுப்பு நாடாவை அவிழ்த்து, சிவப்புச் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, பழைய சேலையின் ஒரு முனையைப் பிடித்து விரித்துக் காட்டினாள். பிடித்த கை நடுங்கவில்லை.

“வெட்டு தாயி,” என்றாள். “காலைல வேன் வந்துரும்.”